மாயமற்ற விசுவாசமும் வெளிவேடமற்ற நம்பிக்கையும்: இரு தமிழ் விவிலியங்களின் சொல்லாட்சி குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு குறித்த ஆய்வுகளில் கடவுளைக் குறிக்கும் சொல்லே பெரும்பாலும் முதலிடம் பெற்று வந்துள்ளது. சீகன்பால்கு சருவேசுரன் என்றதும், பப்ரீசியுஸ் பராபரன் என்றதும், இரேனியுஸ் தேவன் என்ற சொல்லை முன்வைத்ததும், இருபதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகள் கடவுள் என்ற சொல்லைத் தேர்ந்ததும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. இறைவனைச் சுட்டும் சொற்கள் இவ்வளவு கவனம் பெற்ற அளவுக்கு, இறைவனை ஏற்றுக்கொண்டவர் எவ்வாறு வாழவேண்டும் என்பதைச் சுட்டும் சொற்கள் கவனம் பெறவில்லை. ஒருவர் தம் சமயத்தை உண்மையாக வாழ்கின்றாரா என்ற வினா எழும்போது, விடைக்குத் துணையாவன இரண்டாவது வகைச் சொற்களே. விசுவாசம், மாயம், கிரியை, நடத்தை, மனந்திரும்புதல் ஆகியவை அத்தகையன.

இச்சொற்புலத்தை இரு மொழிபெயர்ப்புகளில் ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, 1871இல் வெளிவந்து, சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ள பவர் திருப்புதல். மற்றொன்று, கத்தோலிக்கரும் பிறசபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு. எது சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவதினும், ஒவ்வொன்றும் வாழ்வின் எந்தக் கூற்றை வெளிப்படுத்துகின்றது, எதனை மறைத்துவிடுகின்றது என்று காண்பது மொழிபெயர்ப்பாளருக்குப் பயன் தரும்.

2. நம்பிக்கையும் விசுவாசமும்

2.1. கிரேக்க மூலத்திலுள்ள பிஸ்டிஸ் என்னும் சொல், ஒருவர்பால் வைக்கும் பற்றுறுதியையும், அப்பற்றுறுதிக்குத் தக்கவராக இருக்கும் பண்பையும் ஒருங்கே குறிக்கும். நம்புதலும் நம்பத்தகுதலும் ஒரே சொல்லின் இரு முகங்கள். இவ்விரண்டையும் ஒரே வேரில் காட்ட இயலுமா என்பது மொழிபெயர்ப்பாளருக்கு எழும் முதல் இடர்ப்பாடு.

பவர் திருப்புதல் முதற்பொருளுக்கு விசுவாசம் என்றும், இரண்டாவதற்கு உண்மை, உத்தமம் என்றும் இருவேறு சொற்களை ஆள்கின்றது. தாலந்து உவமையில் (மத்தேயு 25) பாராட்டுப் பெறும் ஊழியனிடம் உள்ளது உண்மை. ஆபிரகாமிடம் உள்ளது விசுவாசம். இவ்விரண்டும் மூலத்தில் ஒரு குடும்பத்துச் சொற்கள் என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை. பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை என்றும் நம்பிக்கைக்குரிய என்றும் ஆள்வதால் அவ்வுறவு காப்பாற்றப்படுகின்றது. நம்புகின்றவர் நம்பத்தக்கவராகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தைச் சொல்லமைப்பே உணர்த்திவிடுகின்றது. இது குறிப்பிடத்தக்க ஆதாயம்.

2.2. எனினும் இவ்வாதாயத்திற்கு ஒரு விலை உண்டு. நம்பிக்கை என்ற சொல் பவர் திருப்புதலில் எல்பிஸ் என்னும் வேறொரு கிரேக்கச் சொல்லுக்கு, அதாவது வரவிருப்பதை எதிர்பார்த்திருக்கும் மனநிலைக்கு, உரியதாக இருந்தது. 1 கொரிந்தியர் 13:13இல் வரும் மூன்று பண்புகள் பவரில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. பழைய நூலில் இரண்டாவதாக நின்ற சொல் புதிய நூலில் முதலாவதாக நிற்கின்றது. எனவே, இரு சபையினர் ஒரே மேடையில் நம்பிக்கை என்று கூறும்போது அவர்கள் ஒரே பொருளைக் கூறுவதில்லை. சொல் ஒன்றாயிருப்பதே இங்கு வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது.

2.3. சொற்களின் வரலாறும் நோக்கற்பாலது. விசுவாசம் வடமொழியில் மூச்சுவிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. அச்சமின்றி மூச்சுவிடும் நிலையே அதன் அடிப்பொருள். நம்பு என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் நசை, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகின்றது. விருப்பத்திலிருந்து உறுதிப்பாட்டிற்கு அச்சொல் நகர்ந்துள்ளது. இரண்டும் அறிவினும் நெஞ்சைச் சார்ந்து பிறந்த சொற்களே.

ஆனால் இன்றைய பொதுவழக்கில் விசுவாசம் வேறு திசையில் சென்றுள்ளது. நாய்க்கு விசுவாசம் உண்டு. வேலையாளுக்கு முதலாளியிடம் விசுவாசம் உண்டு. தொண்டனுக்குத் தலைவனிடம் விசுவாசம் உண்டு. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் காட்டும் மாறாப் பற்று என்னும் பொருளில் அது நிலைபெற்றுவிட்டது. கிறித்தவ வழக்கில் மட்டுமே அது சமய நம்பிக்கையைக் குறிக்கின்றது. அதிலிருந்து பிறந்த விசுவாசி என்னும் பெயரோ பல சபைகளில் உறுப்பினர் என்பதற்கு ஈடாகவே வழங்குகின்றது. 'அந்தச் சபையில் இருநூறு விசுவாசிகள்' என்னும் தொடர் எண்ணிக்கையைத் தெரிவிக்கின்றதேயன்றி அவர்தம் உள்ளநிலையைத் தெரிவிப்பதில்லை. நெஞ்சின் நிலையைக் குறித்த ஒரு சொல் பதிவேட்டின் சொல்லாகச் சுருங்கியதைப் பொருட்சுருக்கத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

2.4. வேற்றுமை அமைப்பும் பொருளை வேறுபடுத்துகின்றது. தமிழில் நம்பு என்னும் வினை 'என்று' என்னும் இடைச்சொல்லோடு வரும்போது ஒரு கூற்றை ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும். இரண்டாம் வேற்றுமையோடு வரும்போது ஓர் ஆளைச் சார்ந்திருப்பதைக் குறிக்கும். 'கடவுள் ஒருவர் உண்டு என்று நம்புகின்றான்' என்பதும் 'கடவுளை நம்புகின்றான்' என்பதும் வேறு வேறு. முதலாவதைப் பேய்களும் செய்கின்றன என்று யாக்கோபு 2:19 எள்ளலாகச் சுட்டுகின்றது. யோவான் 3:16இல் பவர் இரண்டாம் வேற்றுமையையும், பொது மொழிபெயர்ப்பு இடப்பொருள் உருபான 'மீது' என்பதையும் ஆள்வதால் இரண்டும் ஆளைச் சார்தலையே வெளிப்படுத்துகின்றன. இவ்விடத்தில் இரு நூல்களும் மூலத்திற்கு நெருங்கி நிற்கின்றன எனலாம்.

3. மாயமும் வேடமும்

3.1. உண்மையான சமயவாழ்வைப் புதிய ஏற்பாடு பெரிதும் எதிர்மறையாலேயே வரையறுக்கின்றது. ஹுப்போக்ரிட்டேஸ் என்பது கிரேக்க நாடகமேடையின் நடிகனைக் குறித்த சொல். அதன் எதிர்மறையான அனுபோக்ரிட்டோஸ், அதாவது நடிப்பற்ற, என்னும் அடை புதிய ஏற்பாட்டில் 6 இடங்களில் வருகின்றது. மூன்று இடங்களில் அன்புக்கும், இரண்டு இடங்களில் நம்பிக்கைக்கும், ஓரிடத்தில் ஞானத்திற்கும் அடையாகின்றது. அன்பே நடிப்புக்கு மிகவும் இடந்தரும் பண்பு என்பதை மூல ஆசிரியர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

பவர் திருப்புதல் நடிகனை மாயக்காரன் என்றும், அடையை மாயமற்ற என்றும் மொழிபெயர்க்கின்றது. பொது மொழிபெயர்ப்பு வெளிவேடக்காரர் என்றும் வெளிவேடமற்ற என்றும் ஆள்கின்றது. உரோமையர் 12:9இல் மட்டும் கள்ளமற்ற என்னும் சொல்லை நாடுகின்றது. பெயருக்கும் அதன் எதிர்மறைக்கும் உள்ள உறவைப் பவர் எல்லா இடங்களிலும் காத்திருக்க, புதிய நூல் ஓரிடத்தில் நெகிழவிடுகின்றது.

3.2. இவ்விரு தேர்வுகளின் பொருண்மை வேறுபாடு ஆழமானது. பழந்தமிழில் மாயம் பொய்யையும் வஞ்சனையையும் குறித்தது. பின்னர் மெய்யியல் வழக்கில் உள்ளதை மறைத்து இல்லாததைக் காட்டும் மயக்கத்தைக் குறிக்கலாயிற்று. இன்று நாளிதழ்த் தலைப்பில் 'மாணவர் மாயம்' என்றால் காணாமற்போனார் என்பதே பொருள். மாயக்காரர் என்னும் சொல்லை முதன்முறை கேட்கும் இளைஞருக்கு வித்தை காட்டுபவரே நினைவுக்கு வருதல் கூடும். கண்டனச் சொல்லின் கூர்மை மழுங்கிவிட்டது.

வேடம் என்பது மூலத்தின் நாடகப் பின்புலத்தை அப்படியே தருகின்றது. தெருக்கூத்தில் வேடம் கட்டுதல் என்ற வழக்கை அறிந்தவர்க்கு அது விளக்கம் வேண்டாத சொல். ஆயினும் தமிழ்ச் சமயமரபில் வேடம் இழிசொல் மட்டுமன்று. சைவத்தில் திருநீறும் உருத்திராக்கமும் புனைந்த கோலம் திருவேடம் எனப் போற்றப்படும். கொல்ல வந்தவன் அணிந்திருந்த அடியார் கோலத்தையே வணங்கிய மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு அதற்குச் சான்று. இம்மரபில் வேடம் அணிந்தவனின் உள்ளம் பொய்யாகலாம், வேடம் பொய்யாவதில்லை. பொது மொழிபெயர்ப்பாளர்கள் வேடக்காரர் என்று நிறுத்தாமல் வெளி என்னும் முன்னொட்டைச் சேர்த்தது இதனால் பொருத்தமாகின்றது. அம்முன்னொட்டு, உள்ளே வேறொன்று உண்டு என்பதைச் சுட்டிச் சொல்லை முழுதும் கண்டனப் பொருளுக்கு உரியதாக்குகின்றது.

3.3. ஆனால் வெளிவேடம் தன்னை அறிந்து நடிப்பவனையே குறிக்கும். திருக்குறளின் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரம் காட்டும் போலித் துறவியும் இத்தகையவனே. அவனது வஞ்சத்தைப் பிறர் அறியார். அவனுடம்பில் கலந்துள்ள ஐம்பூதங்கள் அறிந்து உள்ளே நகும். அவனும் அறிவான்.

நற்செய்தி நூல்கள் சாடும் நடிகன் எப்போதும் இத்தகையவன் அல்லன். தன் கண்ணிலுள்ள மரத்துண்டை உணராமல் பிறர் கண்ணின் துரும்பை எடுக்க முயல்பவனும் (மத்தேயு 7:3-5) அதே சொல்லால் அழைக்கப்படுகின்றான். அவன் நடிப்பதாக அவனுக்கே தெரியாது. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில், இறைவாக்கு உரைத்ததையும் பேய் ஓட்டியதையும் எடுத்துக்கூறி, தாம் ஏற்கப்படுவோம் என்று உறுதியாக எதிர்பார்த்து நிற்பவர்களும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டவர்களே. இங்கு வெளிவேடம் என்னும் சொல் பொருளை முழுமையாகத் தாங்குவதில்லை. பிறரை ஏய்ப்பதையும் தான் மயங்குவதையும் ஒருங்கே குறிக்க வல்ல மாயம் என்னும் பழஞ்சொல்லே இங்கு மூலத்திற்கு அணுக்கமானது. வழக்கில் மழுங்கிய சொல் பொருண்மையில் அகன்றதாகவும், வழக்கில் கூரிய சொல் பொருண்மையில் குறுகியதாகவும் அமைந்துள்ளமை மொழிபெயர்ப்பாளர் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று.

4. கிரியையும் செயலும்

நம்பிக்கை செயலாக வெளிப்படாவிடின் அது உயிரற்றது என்பது யாக்கோபு திருமுகத்தின் மையக் கருத்து. உடையும் அன்றாட உணவும் இல்லாதவரிடம் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டு ஒன்றும் கொடாதிருத்தல் அதற்கு அவர் காட்டும் சான்று (2:15-16). பவர் திருப்புதல் இங்கு ஆளும் சொல் கிரியை.

தமிழ்ச் சூழலில் கிரியைக்கு வேறு ஆழமான தொடர்புகள் உண்டு. சைவ நாற்பாதங்களாகிய சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பவற்றுள் அது வழிபாட்டு முறைமையைக் குறிக்கும். பேச்சுவழக்கில் இறந்தோர்க்குச் செய்யும் சடங்கையும் குறிக்கும். கிறித்தவப் பழக்கம் இல்லாத ஒருவர் இப்பகுதியைப் பவரில் படித்தால், சடங்கின்றிச் சமயம் சிறவாது என்று பொருள்கொள்ள வாய்ப்புண்டு. ஆசிரியர் கருத்து அதற்கு நேர்மாறானது. தூய சமயநெறி, துன்புறும் அனாதைகளையும் கைம்பெண்களையும் பேணுவது என்று அவரே முதல் அதிகாரத்தின் இறுதியில் வரையறுத்துள்ளார். பொது மொழிபெயர்ப்பின் செயல் என்னும் எளிய சொல் இவ்விடரை முற்றிலும் நீக்குகின்றது. இவ்வோரிடத்தில் புதிய தேர்வின் மேன்மை ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

துப்புரவு என்னும் சொல்லின் கதியும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கலப்பற்ற உள்ளத்தூய்மையைக் குறிக்க 1 கொரிந்தியர் 5:8இல் பவர் ஆண்ட சொல் அது. பின்னர் அது நகரத் தெருக்களையும் கழிவுநீர்க் கால்வாய்களையும் தூய்மை செய்யும் பணியின் பெயராயிற்று. அப்பணி ஒரு சில சாதியினர் மீது சுமத்தப்பட்டதால் சொல்லும் இழிபொருட்பேறு உற்றது. தூய்மையைக் குறித்த சொல்லே, தூய்மை செய்வோரைச் சமூகம் நடத்திய முறையால் தாழ்வுற்றது என்பது மொழியியலார் மட்டும் எண்ண வேண்டிய செய்தி அன்று.

5. நடத்தலும் திரும்புதலும்

5.1. எபிரேய மரபைப் பின்பற்றிப் பவுல், வாழ்தலை நடத்தல் என்னும் வினையால் குறிக்கின்றார். பெரிபடேயோ என்னும் அக்கிரேக்க வினைக்குத் தமிழில் ஈடு தேட வேண்டியதில்லை. நடை, நடத்தை, நன்னடத்தை, நடந்துகொள் என அதே உருவகம் தமிழில் முன்னமே வேரூன்றியுள்ளது. நட என்பது கால்களின் தொழில். கொள் என்னும் துணைவினை சேர்ந்தவுடன் அது ஒழுகலாறு ஆகிவிடுகின்றது. மேலும் நடந்துகொள் என்பது 'எவ்வாறு' என்பதற்கு விடையாகும் ஓர் அடையை வேண்டி நிற்கும். 'அவன் நடந்துகொண்டான்' என்பது முற்றுப்பெறாத தொடர்; 'நன்றாக', 'ஏற்றபடி' என ஏதேனும் ஒன்று வேண்டும். பவுலின் ஆட்சியும் பெரும்பாலும் இத்தகையதே.

பவர் திருப்புதல் இவ்வினையை விடாமல் ஆள்கின்றது. பொது மொழிபெயர்ப்பு பல இடங்களில் வாழ் என்னும் வினையைக் கொள்கின்றது. பொருள் தெளிவாகின்றது, ஆனால் உருவகத் தொடர்பு அறுகின்றது. நடப்பவனுக்குத்தான் இடறல் உண்டு. பிறர் விழக் காரணமாதலைப் பவர் இடறல் என்னும் சொல்லால் குறிக்கும்போது, நடத்தலும் இடறலும் ஒரே காட்சியின் இரு பகுதிகளாகின்றன: வழியில் தனியாக எவரும் நடப்பதில்லை, ஒருவர் போட்ட கல்லில் மற்றவர் இடறுகின்றார். புதிய நூல் வாழ்தல் என்றும் பாவத்தில் விழச்செய்தல் என்றும் மொழிபெயர்க்கும்போது இரண்டும் தனித்தனிக் கருத்துகளாகின்றன. சொல்லுக்குச் சொல் நோக்கினால் புதிய நூலில் குறையில்லை. சொற்களுக்கிடையேயான உறவை நோக்கினால் இழப்பு உண்டு.

5.2. மெட்டனோயா என்பதற்குப் பவர் மனந்திரும்புதல் என்றும், பொது மொழிபெயர்ப்பு மனம் மாறுதல் என்றும் கூறுகின்றன. கிரேக்கச் சொல்லின் உறுப்புப் பொருளுக்கு மாறுதல் நெருக்கமானது. ஆயினும் தமிழ்வழக்கில் 'அவன் மனம் மாறிவிட்டான்' என்றால் முன்பு சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கினான் என்றும் பொருள்படும். மதம் மாறுதல் என்னும் பூசலுக்குரிய தொடரோடு ஒலியொப்புமையும் உண்டு. திரும்புதல் என்பதிலோ சென்ற வழி தவறு என்பதும், திரும்பிச் செல்ல ஓரிடம் உண்டு என்பதும் அடங்கியுள்ளன. எபிரேய இறைவாக்கினர் ஆண்ட வினையும் திரும்புதலையே குறிப்பது. அன்றியும் நடத்தல் என்னும் உருவகத்தோடு திரும்புதல் இயல்பாக இணைகின்றது. இங்குப் பழைய தேர்வே வலியது.

6. பந்தியில் ஒரு சோதனை

மேற்கண்ட சொற்கள் அனைத்தும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் ஒன்று புதிய ஏற்பாட்டிலேயே உள்ளது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு அமர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகினார். பர்னபாவும் அவ்வழியே இழுக்கப்பட்டார் (கலாத்தியர் 2:11-14). இச்செயலைப் பவுல் நடிப்பு என்னும் சொல்லாலேயே கண்டிக்கின்றார். அடுத்த தொடரிலேயே அவர்கள் நேராக நடக்கவில்லை என்றும் கூறுகின்றார். நடிப்பும் நடையும் இங்கு அருகருகே நிற்கின்றன. பவர் திருப்புதல் மாயம்பண்ணுதல் என்றும், பொது மொழிபெயர்ப்பு வெளிவேடம் என்றும் கூறுகின்றன. பேதுருவைப் பொறுத்தவரை வெளிவேடமே பொருந்தும். தம் உள்ளத்தின் உறுதிக்கு மாறாக அவர் அச்சத்தால் நடந்தார். இழுக்கப்பட்ட பர்னபாவுக்கு மாயம் பொருந்தும்.

குற்றமாகச் சொல்லப்படுவது கொள்கைப் பிழை அன்று. உடன் உண்ண மறுத்தல். தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் இதைவிடக் கூர்மையாக எழுந்த வினா வேறில்லை. ஆயர் டேனியல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதி வேறுபாடுகள் கைவிடப்பட வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பின் முதன்மையான குரல்களுள் ஒன்று கவிஞர் வேதநாயக சாஸ்திரியாருடையது (1774-1864). இரேனியுஸின் விவிலியத் திருத்தத்தை எதிர்த்தவரும் அவரே. பழகிய சொல்லை மாற்றுவதும் பழகிய வழக்கத்தை மாற்றுவதும் அவருக்கு ஒரே வகையான தலையீடுகளாகத் தோன்றின. அவரது நம்பிக்கையின் ஆழத்தை அவருடைய பாடல்களைப் பாடும் எவரும் ஐயுறமாட்டார். நம்பிக்கை நெஞ்சத்தைச் சார்ந்தது, சாதி வழக்கம் உலகியலைச் சார்ந்தது என்னும் பிரிப்பே அவர் தரப்பினரின் நிலைப்பாட்டுக்கு அடிப்படை. கலாத்தியர் பகுதி இப்பிரிப்பை ஏற்பதில்லை. அங்கே பந்தியே நம்பிக்கையின் உரைகல்.

இச்சிக்கல் ஒரு சபைக்கு மட்டும் உரியதன்று. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் தனித்தனியே உள்ளன. வேடம் புனையாத, வஞ்சம் அறியாத, உருக்கமாக வேண்டுதல் செய்யும் மக்களே இவ்வேற்பாடுகளுக்குள் வாழ்ந்தனர், வாழ்கின்றனர். அவர்களை வெளிவேடக்காரர் என்பது பொருந்தாது; ஆனால் பவுலின் சொல் அவர்களையும் சுட்டுகின்றது. 3.3இல் குறிப்பிடப்பட்ட பொருண்மை இடைவெளி ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இதுவே சான்று. தாம் நடிக்கவில்லை என்று உண்மையாகவே நம்புகின்றவர், வெளிவேடம் என்னும் சொல்லைக் கேட்டதும் அது தம்மைக் குறித்ததன்று என்று ஒதுக்கிவிட முடியும். மாயம் என்னும் சொல் அவ்வாறு தப்ப விடாது.

7. மதிப்பீடு

7.1. சமயமொழி காலப்போக்கில் பொதுவழக்கிலிருந்து விலகித் தனிக் கிளைமொழியாதல் இயல்பு. பவர் திருப்புதல் இன்று அந்நிலையை எய்தியுள்ளது. அதன் சொற்கள் ஆலயத்தில் ஒலிக்கும். அலுவலகத்திலும் சந்தையிலும் ஒலிப்பதில்லை. ஒரு சொல் ஆலயத்திற்கு மட்டும் உரியதாகிவிட்டால், ஆலயத்திற்கு வெளியே நடக்கும் வாழ்வைச் சோதிக்கும் ஆற்றல் அதற்குக் குறைகின்றது. சந்தையில் பொய்யெடை போடுபவரை எவரும் மாயக்காரர் என்று ஏசுவதில்லை; வேடதாரி என்று ஏசுவதுண்டு. பொது மொழிபெயர்ப்பின் வலிமை இங்குள்ளது.

7.2. எனினும் தலைமுறைகள் மனப்பாடமாகக் கொண்டு, மகிழ்விலும் சாவிலும் சொல்லிப் பழகிய சொற்களுக்குப் பொதுவழக்குச் சொற்களுக்கு இல்லாத ஒரு பிடிப்பு உண்டு. மரணப் படுக்கையில் இருப்பவருக்கு அகராதித் தெளிவினும் பழகிய ஓசை பெரிது. மேலும், மேற்கண்டவாறு பழைய சொற்கள் தமக்குள் ஒரு வலைப்பின்னலாக அமைந்துள்ளன. நட, இடறு, திரும்பு என்னும் மூன்றும் ஒரே வழியில் உள்ளன. தனிச்சொல்லுக்கு நிகரன் தேடும் முறையால் இத்தகைய பின்னல் அமைவதில்லை. எதிர்காலத் திருத்தங்களில் சொற்பட்டியலினும் சொற்புலத்தையே அலகாகக் கொள்ளுதல் நன்று. நம்பிக்கை, செயல் ஆகியவற்றைப் புதிய நூலிலிருந்தும், நடத்தல், இடறல், திரும்புதல் ஆகியவற்றைப் பழைய நூலிலிருந்தும் கொள்வதில் மொழியியல் தடை எதுவும் இல்லை. சபைகளின் மரபுப்பற்றே தடையாகலாம். நடிப்பைக் குறிக்கும் சொல்லுக்கு மட்டும் இரு நூல்களும் முழுநிறைவான விடை தரவில்லை. இடத்திற்கேற்ப இரு சொற்களையும் ஆள்வதே தக்கதாகத் தோன்றுகின்றது.

8. முடிவுரை

உள்ளத்தில் அமைவது உண்மை, வாயில் அமைவது வாய்மை, உடலில் அமைவது மெய்மை என்பது தமிழ் மரபு கூறும் விளக்கம். உண்மை என்னும் சொல் இருத்தலைக் குறிக்கும் 'உள்' என்னும் அடியிற் பிறந்தது என்பதால் இவ்விளக்கத்தின் முதற்பகுதி சொற்பிறப்பியலுக்கு முற்றிலும் உடன்பட்டதன்று. ஆயினும் அளவுகோலாக அது பயன்மிக்கது. விசுவாசம் உண்மையின் தளத்தில் நிற்கும் சொல். அறிக்கையிடுதல் வாய்மையின் தளத்தில் நிற்பது. நடத்தலும் பந்தியில் உடனமர்தலும் மெய்மையின் தளத்தில் நிற்பன. மெய் என்னும் ஒரே சொல் தமிழில் உடம்பையும் சத்தியத்தையும் குறிக்கின்றது. பவுல் அந்தியோக்கியாவில் எழுப்பிய வினாவும் உடம்பு எங்கே அமர்ந்திருந்தது என்பதே. இம்மூன்று தளங்களிலும் ஒரே பொருள் ஒலிக்குமாறு சொற்களை அமைத்துத் தருவது மொழிபெயர்ப்பாளரின் கடமை. அதற்குமேல் உள்ளது வாசகரின் கடமை.